சிரக்யூஸ் போகும் மகளுக்கு

கேள்வி: மகளும் மருமகனும் ஆறு வயதுப் பேத்தியோடு அமெரிக்காவில் சிரக்யூஸ் என்ற ஊருக்குக் குடிபோகிறார்கள். அங்கே நமக்கு யாருமில்லை. எப்படிச் சமாளிப்பார்கள்?
- ஒரு தாய், டி. கல்லுப்பட்டி

பதில்: அப்படி ஒரேயடியாக யாருமில்லை என்று சொல்லாதீர்கள் அம்மா. உங்கள் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா 1928-ல் பட்டம் வாங்கியது அந்தச் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில்தான்!

வீடு பார்க்கும் முன் பள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. ஆனால் முகவரிக்குச் சான்றும் தடுப்பூசி அட்டையும் கண்டிப்பாகக் கேட்பார்கள். அட்டையில் எழுத்து கிறுக்கலாக இருந்தால், இங்கேயே டாக்டரிடம் ஆங்கிலத்தில் தேதிவாரியாக எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள். அது ஊறுகாய்ப் பாட்டிலோடு பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில் இருக்கட்டும்.

இங்கே மருமகன் எவ்வளவு நாணயமாகக் கடன் கட்டியிருந்தாலும் அங்கே அவருடைய கடன் வரலாறு பூஜ்யத்தில்தான் தொடங்கும். அதனால் வாடகைக்கு விட வீட்டு உரிமையாளர் யோசிப்பார், வேலை நியமனக் கடிதம் கையில் இருந்தால் பேச்சு சுலபம். போனதும், அந்த வரலாற்றைத் தொடங்க உதவும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்கட்டும்.

பனி? வருஷத்துக்குச் சராசரியாகப் பத்தடி கொட்டும் ஊர். அதற்காக மதுரைக் கடைகளில் கோட்டு தேடி அலையாதீர்கள். அங்கே பழைய துணிக் கடைகளிலேயே நல்லதாக, மலிவாகக் கிடைக்கும்.

உள்ளூரில் என்ன உதவி எங்கே என்று கேட்க 211 என்ற எண் இருக்கிறது. பொது நூலகத்தில் சேரக் காசு வேண்டாம். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரத்துக்குப் பேத்தியைக் கூட்டிப்போனால், பக்கத்து நாற்காலியில் உட்காரும் இன்னொரு அம்மாதான் உங்கள் மகளுக்கு முதல் சிநேகிதி.