செயலுக்கு வழிகாட்டும் எழுத்து

நுழையும்முன்

கவிதையைப் படிப்பவர் சுவைக்கிறார். செய்தியைப் படிப்பவர் அறிகிறார். மருந்துறையின்மேல் உள்ள குறிப்பைப் படிப்பவரோ உடனே ஒரு செயலில் இறங்குகிறார். அச்செயலின் விளைவு, குறிப்பை எழுதியவரின் சொற்களைப் பொறுத்து அமைகிறது. படித்தவர் ஒரு செயலைப் பிழையின்றிச் செய்து முடிக்க உதவும் எழுத்தே தொழில்நுட்ப எழுத்து. அதன் இயல்பையும், அத்துறையில் பணிபுரியத் தேவையான திறன்களையும் இப்பாடம் விளக்குகிறது.

துண்டறிக்கையும் உயிரும்

1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லையைக் கடந்து மேற்கு வங்கத்தில் அடைக்கலம் புகுந்தனர். பங்கான் நகரத்து அகதிகள் முகாமில் காலரா பரவியது. நோயாளிகளின் உடலில் ஊசிவழிச் செலுத்தும் உப்புநீர் போதவில்லை. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பு, சமையல் சோடா, குளுக்கோசு ஆகியவற்றை நீரில் கரைத்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அக்கரைசலைப் புகட்டினர். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு, அங்குச் சிகிச்சை பெற்றோரிடையே 4 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தது.

கரைசலைக் கலக்கும் முறையை விளக்கும் துண்டறிக்கைகள் எல்லைப் பகுதியெங்கும் வழங்கப்பட்டன. வானொலி வாயிலாகவும் அம்முறை அறிவிக்கப்பட்டது. மருத்துவர் செல்ல இயலாத இடங்களுக்கு அவருடைய அறிவை அத்துண்டறிக்கைகள் கொண்டு சென்றன. தொழில்நுட்ப எழுத்தின் பொறுப்பை உணர்த்த இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நன்னூல் காட்டும் அளவுகோல்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என நன்னூல் பாயிரம் வகுத்துரைப்பதை நாம் அறிவோம். அவ்விலக்கணம் இன்றைய தொழில்நுட்ப எழுத்துக்கும் அளவுகோலாகப் பொருந்துகிறது. ‘ஓ.ஆர்.எஸ்.’ என இன்று கடைகளில் கிடைக்கும் உப்பு–சர்க்கரைப் பொடியின் உறையில் பின்வருமாறு எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம்:

“பொடியைத் தண்ணீரில் கலந்து குழந்தைக்கு அடிக்கடி கொடுக்கவும்.”

இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. பொருளும் விளங்குவதுபோல் தோன்றுகிறது. ஆயினும் இதனை நம்பிச் செயல்படுவது தீங்காகலாம்.

தண்ணீரின் அளவு கூறப்படாதது ‘குன்றக் கூறல்’ ஆகும். உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த முறைப்படி அமைந்த 20.5 கிராம் பொடியை 1 லிட்டர் நீரில் கரைத்தல் வேண்டும். அதே பொடியை 200 மில்லிலிட்டர் கொள்ளும் குவளையில் கரைத்தால் கரைசல் ஐந்து மடங்கு செறிவாகிவிடும். அதனைக் குடிக்கும் குழந்தையின் குருதியில் உப்பின் அளவு கூடி, உயிருக்கே ஊறு நேரலாம். நீர் மிகுந்தாலோ கரைசல் உரிய பயன் தராது. 200 மில்லிலிட்டர் நீருக்கான சிறிய உறைகளும் விற்கப்படுவதால், ஒவ்வோர் உறையிலும் அதற்குரிய நீரின் அளவு தெளிவாக இடம்பெறுதல் இன்றியமையாதது.

‘அடிக்கடி’ என்னும் சொல் ‘மயங்க வைத்தல்’ என்னும் குற்றத்தின்பாற்படும். ஒரு தாய்க்கு அது மணிக்கொரு முறை எனப் பொருள்படும். மற்றொரு தாய்க்குக் காலையும் மாலையும் எனப் பொருள்படும். “ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஏற்பட்ட பின்பும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை கொடுக்கவும்” என்று எழுதினால் இம்மயக்கம் நீங்கும்.

எழுத்தில் 1 லிட்டர் என்று குறிப்பிட்டு, படத்தில் சிறு குவளையைக் காட்டுவது ‘மாறுகொளக் கூறல்’. பதறி நிற்கும் தாயிடம் பொடியின் வேதியியலை விரித்துரைப்பது ‘மிகைபடக் கூறல்’. செய்முறைக்கு இடையே நிறுவனத்தின் பெருமையைப் பேசுவது ‘மற்றொன்று விரித்தல்’.

இக்குற்றங்களை நீக்கிய செய்முறை பின்வருமாறு அமையும்:

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்.
2. தூய்மையான பாத்திரத்தில் 1 லிட்டர் குடிநீரை அளந்து ஊற்றவும்.
3. உறையில் உள்ள பொடி முழுவதையும் அந்நீரில் கொட்டவும்.
4. பொடி கரையும்வரை கலக்கவும். பால், பழச்சாறு, சர்க்கரை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டா.
5. பாத்திரத்தை மூடி வைக்கவும். 24 மணி நேரத்திற்குப்பின் எஞ்சியதைக் கொட்டிவிடவும்.

செய்யவேண்டிய வரிசையிலேயே தொடர்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு தொடரும் ஒரு வேலையை மட்டுமே சுட்டுகிறது. அளவுகள் எண்ணால் குறிக்கப்பட்டுள்ளன. தொழில்நுட்ப எழுத்தின் அடிப்படை விதிகள் இவையே.

பயன்படுத்துவோரே தேர்வாளர்

எழுதியவருக்கு விளங்குவது படிப்பவருக்கும் விளங்கும் என்று கொள்ளுதல் கூடாது. 1980 முதல் 1990 வரை வங்கதேசத்தில் ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனம், வீட்டிலேயே கரைசல் தயாரிக்கும் முறையை 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் கற்பித்தது. சிற்றூர் வீடுகளில் அளவுக்கலனோ தராசோ இல்லை. எனவே, மூன்று விரல்களால் அள்ளும் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என அம்மக்களுக்குப் பழகிய அளவுகளே தேர்ந்தெடுக்கப்பட்டன.

கற்பித்த பணியாளர்களின் ஊதியம் கணக்கிடப்பட்ட முறையும் நாம் அறிந்துகொள்ளத்தக்கது. பின்னர் வேறொருவர் சென்று, தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்துள்ளனர், கரைசலைச் சரியாகக் கலக்கின்றனரா என்று ஆராய்ந்தார். அதன் முடிவிற்கேற்பவே ஊதியம் அமைந்தது. தாய் தவறாகக் கலந்தால், குறை கற்பித்த முறையில் உள்ளது என்பதே இதன் உட்கருத்து. தொழில்நுட்ப எழுத்தாளர் பின்பற்றவேண்டிய அறமும் இதுவே.

தெரிந்து தெளிவோம்

1998ஆம் ஆண்டு நாசா ஏவிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம், 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கியபோது அழிந்தது. விசைத் தாக்கத்தின் அளவுகளை ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் வழங்க, மற்றொன்று அவற்றை நியூட்டன் அலகு எனக் கொண்டதே காரணம். அலகு பற்றிய ஆவணக் குறிப்பு இருந்தும் அது பின்பற்றப்படவில்லை.

தமிழில் தொழில்நுட்ப எழுத்து

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார், 1864 முதல் மானிப்பாயில் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்தார். எவ்வகை நுட்பத்தையும் தமிழில் உரைக்க இயலும் என்பதற்கு அவர் பணி சான்றாகும். ஒரு பொருளுக்கு ஒரு கலைச்சொல்லைத் தேர்ந்துகொண்டபின், இறுதிவரை அதனையே ஆளுதல் வேண்டும். கவிதைக்கு அழகு சேர்க்கும் ஒருபொருட் பன்மொழி, கையேட்டில் குழப்பத்தை விளைவிக்கும்.

பணியும் திறனும்

மென்பொருள், மருந்து, இயந்திரம், மின்கருவி, வானூர்திப் பராமரிப்பு முதலிய துறைகளில் பயனர் கையேடு, பழுதுநீக்கும் வழிகாட்டி, பாதுகாப்பு அறிவுரை ஆகியவற்றை எழுதுவோர் தேவைப்படுகின்றனர். செயலிகளையும் கையேடுகளையும் தமிழில் வழங்கும் மொழியாக்கப் பணியும் இத்துறையைச் சார்ந்ததே. இப்பணிக்கு அறிவியல் பயின்றோரும் வரலாம். மொழி பயின்றோரும் வரலாம். முன்னவர் எழுத்துப் பயிற்சியையும், பின்னவர் துறையறிவையும் வளர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

பொறியாளரிடம் தயங்காமல் வினவுதல், கருவியைத் தாமே இயக்கிப் பார்த்தல், வரைவு எழுதுதல், புதியவர் ஒருவரிடம் கொடுத்துச் சோதித்தல், திருத்துதல் ஆகியன எழுத்தாளரின் அன்றாடப் பணிகள். வானூர்திக் கையேடுகளுக்கென உருவான ‘எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம்’ என்னும் நெறிமுறை, செய்முறைத் தொடர் 20 சொற்களுக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்கிறது. இத்தகைய நெறிமுறைகளை அறிந்திருப்பது பயன்தரும். கணினியே வரைவு எழுதித் தரும் இக்காலத்திலும், அதன்படி செய்துபார்த்துச் சரிபார்க்கும் பொறுப்பு மனிதருடையதே.

இதற்கான பயிற்சியைப் பள்ளியிலேயே தொடங்கலாம். ஆய்வகச் செய்முறையையோ மிதிவண்டிச் சக்கரத்தில் பஞ்சர் ஒட்டும் முறையையோ எழுதிப் பாருங்கள். அதனை அறியாத ஒருவர், உங்களிடம் எதுவும் கேட்காமல், அக்குறிப்பை மட்டும் கொண்டு செய்து முடித்தால் நீங்கள் நன்கு எழுதியுள்ளீர்கள் என்பது பொருள்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள ஒரு கருவியின் கையேட்டைப் படித்து, அதில் காணப்படும் குற்றங்களை நன்னூல் வழி வகைப்படுத்துக.
2. தீயணைப்பானைப் பயன்படுத்தும் முறையை ஆறு தொடர்களுக்கு மிகாமல் எழுதி, வகுப்பறையில் ஒட்டுக.
3. ஒருவர் எழுதிய செய்முறையை மற்றொருவர் வாய்பேசாமல் செய்துகாட்ட, தடை ஏற்படும் இடங்களைக் குறித்துத் திருத்துக.