அநாதை வட்டுக் கோப்புகளைக் கண்டறியும் முறை

பயன்படாத பொருளை எறிவது எளிது. எது பயன்படாதது என்று துணிவதுதான் அரிது. கணினிக் கூடத்துச் சர்வரில் இவ்வருமை இன்னும் மிகுதி. அங்கே ஒரு கோப்பைத் தவறாக அழித்துவிட்டால், ஓர் ஆராய்ச்சி மாணவரின் ஈராண்டு உழைப்பு ஒரு நொடியில் மறைந்துவிடும். தேடி எடுக்கக் குப்பைக் கூடையும் அங்கு இல்லை.

எங்கள் துறைச் சர்வரிலுள்ள மெய்நிகர் கணினிகளைப் பேணும் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு. அங்கு நான் கையாளும் முறையை, கணினி பயிலும் நம் மாணவர்க்குப் பயன்படுமென்று இங்கு எழுதுகிறேன். லினக்ஸில் கேவிஎம், லிப்வர்ட் இரண்டையும் கொண்டு அமைந்த ஏற்பாட்டையே எடுத்துக்கொள்கிறேன். கேவிஎம், 2007ஆம் ஆண்டு வெளியான லினக்ஸ் 2.6.20 பதிப்பில் முதன்முதலாக இடம்பெற்றது. இவை யாவும் விலையின்றிக் கிடைப்பவை. ஆதலின் எவரும் தம் மடிக்கணினியிலேயே பயின்று பார்க்கலாம்.

அநாதைக் கோப்பு எவ்வாறு உண்டாகிறது?

மெய்நிகர் கணினிக்கு இரண்டு உறுப்புகள் உண்டு. இத்தனை நினைவகம், இத்தனை செயலி, இன்ன வட்டு என்று கூறும் குறிப்பு ஒன்று; அந்த வட்டாக விளங்கும் கோப்பு மற்றொன்று. இக்கோப்பு பெரும்பாலும் கியூகவ்2 என்னும் வடிவில் இருக்கும். லிப்வர்ட்டில் 'அன்டிஃபைன்' என்னும் ஆணை குறிப்பை மட்டுமே நீக்கும். வட்டையும் நீக்குக என்று தனியே சொன்னாலன்றிக் கோப்பு அப்படியே கிடக்கும். பருவந்தோறும் பயிற்சிக்கென்று கணினிகளை ஆக்கியும் நீக்கியும் வரும் கூடத்தில், இத்தகைய கோப்புகள் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்கின்றன.

அடிப்படைக் கணக்கு

இதைக் கண்டறியும் வழி பள்ளியில் நாம் படித்த கணக்கழித்தல்தான். அடைவில் உள்ள கோப்புகள் எல்லாம் 'அ' என்னும் கணம். ஏதேனும் ஒரு மெய்நிகர் கணினிக்கு வேண்டிய கோப்புகள் எல்லாம் 'ஆ' என்னும் கணம். 'அ'விலிருந்து 'ஆ'வைக் கழித்தால் எஞ்சுவன அநாதைகள்.

ஸ்கிரிப்ட் எழுதுவதும் எளிதே. 'ஃபைண்ட்' ஆணையால் முதற் பட்டியலை எடுக்கலாம். 'வெர்ஷ் லிஸ்ட்' கணினிகளின் பெயர்களைத் தரும். ஒவ்வொன்றுக்கும் 'டாம்பிளாக்லிஸ்ட்' என்று கேட்டால் அதன் வட்டுகளைச் சொல்லும். இரு பட்டியலிலும் 'ரியல்பாத்' கொண்டு முழு முகவரியை எழுதி, 'சார்ட்' கொண்டு வரிசைப்படுத்தி, 'காம்' என்னும் ஆணையிடம் -23 என்னும் விருப்புடன் கொடுத்தால், முதற் பட்டியலில் மட்டும் உள்ளவை கிடைக்கும். முழு முகவரி ஏன்? ஒரே கோப்பு இணைப்புப் பெயரால் ஒரு பட்டியலிலும் இயற்பெயரால் மற்றொன்றிலும் வந்தால், கணினி அவற்றை இரண்டாகவே கருதும்.

இவ்வளவுதானா? அன்று. கழித்தல் எளிது; 'ஆ' என்னும் கணத்தைக் குறைவின்றி நிரப்புவதில்தான் இடர் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவேன்.

ஐந்து கோப்புகள்

அடைவில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து வட்டுக் கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். 'வெர்ஷ் லிஸ்ட்' என்று மட்டும் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் குறிஞ்சிக் கணினி ஒன்றே தெரிகிறது. உடனே மற்ற நான்கும் அநாதை என்று முடிவு கட்டலாமா?

முதலாவது, 'ஆல்' என்னும் விருப்பைச் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்போது நிறுத்தி வைத்திருக்கும் முல்லைக் கணினியும் தெரியும். விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற மாணவனின் பெயரை விடுதிப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுகிறோமா?

இரண்டாவது, முல்லையின் வட்டு தனித்து நிற்பதன்று. கியூகவ்2 வடிவில் ஒரு கோப்பு மற்றொன்றை அடிக்கோப்பாகக் கொண்டு, மாறியவற்றை மட்டும் தன்னிடம் எழுதி வைக்க இயலும். முல்லைக்கு அடிக்கோப்பு மருதம். டாம்பிளாக்லிஸ்ட் மேலுள்ள முல்லையை மட்டுமே காட்டும், மருதத்தைச் சொல்லாது. மருதத்தை அழித்தால் முல்லையும் வீணாகும். ஆதலின் 'கியூஎமு-ஐஎம்ஜி இன்ஃபோ' ஆணையைப் 'பேக்கிங் செயின்' விருப்புடன் ஏவி, சங்கிலி முழுவதையும் 'ஆ'வில் சேர்க்க வேண்டும். ஓடும் கணினியின் வட்டை கியூஎமு 2017இல் வந்த 2.10 பதிப்பு முதல் பூட்டி வைக்கிறது; அதைப் படிப்பதற்குப் பெரிய 'யு' என்னும் விருப்பையும் தருதல் வேண்டும்.

மூன்றாவது, லிப்வர்ட்டில் சர்வர் முழுமைக்கும் 'சிஸ்டம்' என்றொரு பட்டியலும், ஒவ்வொரு பயனருக்கும் 'செஷன்' என்றொரு பட்டியலும் உண்டு. நெய்தலை ஒரு மாணவர் தம் செஷனில் இயக்குகிறார். சிஸ்டம் பட்டியலில் எத்தனை முறை தேடினும் அது அகப்படாது. அடைவு வேறு சர்வர்களுக்கும் பொதுவாயின், அவை எல்லாவற்றிலும் கேட்டறிதல் வேண்டும்.

இப்போது எஞ்சியது பாலை ஒன்றே. முதலில் நான்கு, முடிவில் ஒன்று. அந்த மூன்று கோப்புகளும் மூவரின் உழைப்பாக இருந்திருக்கலாம்.

ஸ்கிரிப்ட் எழுதுவோர்க்குச் சில

இரண்டாம் பட்டியல் வெறுமையாயின் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும். உரிமை இல்லாமையாலோ லிப்வர்ட் ஓடாமையாலோ வெர்ஷ் தோல்வியுற்றால் 'ஆ' வெறுங்கணமாகும். அப்போது கோப்புகள் அனைத்தும் அநாதை என்று விடை வரும்! ஒவ்வோர் ஆணையும் வென்றதா என்று சோதித்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

அளவைக் கூறும்போது இரண்டு எண்களைக் கூறுங்கள். பாலை 40 ஜிபி வட்டாகக் கணினிக்குத் தோன்றலாம். சர்வரில் அது பிடித்திருக்கும் இடம் 6 ஜிபியாகவே இருக்கலாம். அழித்தால் மீளும் இடம் பின்னதுதான். 'டியூ' ஆணை அதைக் கூறும்.

ஸ்கிரிப்ட் அழிக்கக் கூடாது. பட்டியல் மட்டுமே தர வேண்டும். புதிய கணினிகளுக்கு அச்சாக வைத்திருக்கும் மூலக் கோப்பு எந்தப் பட்டியலிலும் இராது. அதை அறிந்தவர் மனிதரே. ஆகவே பட்டியலைக் கூடத்தின் சுவரில் ஒட்டி, உரியவர் உண்டா என்று கேளுங்கள்.

கேட்ட பின்னும் உடனே அழிக்க வேண்டா. அதே கோப்பு முறைமையில் வேறோர் அடைவுக்கு நகர்த்தி 30 நாள் வைத்திருங்கள். லினக்ஸில் திறந்திருக்கும் கோப்பின் பெயரை மாற்றினாலும் ஓடும் கணினி தடையின்றி ஓடும். மீண்டும் தொடங்கும்போதுதான் 'கோப்பு இல்லை' என்று முறையிடும். எனவே அந்த 30 நாளுக்குள் எல்லாக் கணினிகளையும் ஒருமுறையேனும் நிறுத்தித் தொடங்கச் செய்தால்தான் சோதனை நிறைவுறும். வேறு கோப்பு முறைமைக்கு நகர்த்துதல் கூடாது. அது படியெடுத்து மூலத்தை அழிப்பதாகும். அதன்பின் ஓடும் கணினி எழுதுவதெல்லாம் பெயரற்ற பழைய கோப்பில் சேர்ந்து, கணினி நின்றதும் மறைந்துபோகும்.

இம்முறைப்படி செய்தால் இடம் மீள்வதற்கு ஒரு திங்கள் தாமதமாகும். அதனால் கெடுவது ஒன்றும் இல்லை. நண்பர்களே, உங்கள் கணினியில் ஐந்து சிறு வட்டுகளை ஆக்கி, ஒன்றை மற்றொன்றுக்கு அடிக்கோப்பாக்கி, நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் எத்தனையை அநாதை என்கிறது என்று முதலில் சோதித்துப் பாருங்கள். விடை சரியாக வந்த பின்னர்ப் பிறர் உழைப்பு இருக்கும் சர்வரை அணுகலாம்.