கணிப்பொறியில் ஒரு பித்தளைச் செம்பு

முன்னுரை

பொழுதுபோக்கு என்றவுடன் தபால்தலை சேர்த்தல், தோட்டமிடுதல், பூத்தையல் முதலியனவே நம் நினைவிற்கு வரும். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொன்றும் இந்நாளில் உண்டு. கணிப்பொறியில் கோடுகளைக் கொண்டு, கண்ணால் கண்ட பொருளை உள்ளது உள்ளவாறே வரையும் கலையே அது. “பொறி வரைந்து தரும் படத்தில் உன் திறமை எங்கே இருக்கிறது?” என்று தோழியர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணிப் பிழை செய்தவள்தான். அந்தப் பிழையையும், அதனால் நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

இருவகைப் படங்கள்

கணிப்பொறிப் படங்கள் இருவகைப்படும். கைப்பேசியில் நாம் எடுக்கும் நிழற்படம் முதல் வகையைச் சேர்ந்தது. தரையில் சிறுசிறு சதுரக் கற்களைப் பதித்தாற்போலப் பல இலட்சம் நிறச் சதுரங்கள் அதில் உள்ளன. இச்சதுரங்களைப் பிக்சல் என்பர். படத்தைப் பெரிதாக்கினால் சதுரமும் பெரிதாகும். படம் மங்கிப் படிக்கட்டுப் போலத் தோன்றும்.

இரண்டாம் வகை வெக்டார் படம். இதில் சதுரங்கள் இல்லை. “இப்புள்ளியில் தொடங்கு, இவ்வாறு வளைந்து அப்புள்ளியில் முடி, உள்ளே இந்நிறத்தை நிரப்பு” என்னும் கட்டளைகளே சேமிக்கப்படுகின்றன. கோலம் போடும் பெண்கள் அதனை மாவாக மனத்தில் வைத்திருப்பதில்லை. எத்தனை புள்ளி, எவ்வழியே இழை என்பதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே அதே கோலத்தைச் சின்ன வாசற்படியிலும் போடலாம். தெரு அடைத்தும் போடலாம். வெக்டார் படமும் அத்தகையதே. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது.

வளைகோட்டின் வரலாறு

இக்கலைக்கு அடிப்படையான வளைகோடு ஓவியர் கூடத்தில் பிறந்ததன்று. மோட்டார்த் தொழிற்சாலையில் பிறந்தது. காரின் மேற்பகுதியில் உள்ள வளைவுகளைக் கணக்கால் சொல்ல வழி தேடினர் பிரான்சு நாட்டுப் பொறியியல் அறிஞர். சித்ரோன் நிறுவனத்தில் பணிபுரிந்த பால் தெ காஸ்தெல்ஜோ 1959ஆம் ஆண்டிலேயே அவ்வழியைக் கண்டார். ஆயினும் நிறுவனம் அதனை வெளியிடாமல் வைத்திருந்தது. பின்னர் ரெனோ நிறுவனத்தைச் சேர்ந்த பியர் பெசியே தம் முறையை உலகறியச் செய்தார். எனவே இன்றும் அது ‘பெசியே வளைகோடு’ என்றே வழங்குகிறது.

1987இல் அடோபி நிறுவனத்தின் இல்லஸ்ட்ரேட்டர் என்னும் மென்பொருளும், 1989இல் கோரல்டிராவும் வெளிவந்தன. திருமண அழைப்பிதழ் முதல் விளம்பரத் தட்டி வரை நம் நாட்டு அச்சகங்கள் பலவற்றில் கோரல்டிரா பயன்படுகிறது. 2003இல் தொடங்கப்பட்ட இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அண்ணன் கல்லூரியில் படித்தபோது பயன்படுத்திய பழைய கணிப்பொறியில் நான் பழகுவது இதில்தான்.

வளைகோடு இயங்கும் முறை

ஒரு வளைகோட்டிற்கு இரு முனைகள் உண்டு. அவற்றைக் கணுக்கள் எனலாம். ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு கைப்பிடி நீண்டிருக்கும். கோடு முதற் கணுவை விட்டுப் புறப்படும்போது அதன் கைப்பிடி காட்டும் திசையில் செல்லும். இரண்டாம் கணுவை அடையும்போது அதன் கைப்பிடி இருக்கும் பக்கத்திலிருந்து வந்து சேரும். கைப்பிடியை நீட்டினால் வளைவு புடைக்கும், குறுக்கினால் அடங்கும்.

கணித விருப்பமுள்ள தோழியருக்கு ஒரு செய்தி. இத்தகைய வளைகோடுகளால் முழு வட்டத்தை அப்பழுக்கின்றி வரைய இயலாது. ஆனால் நான்கு கணுக்களை வைத்து, ஒவ்வொரு கைப்பிடியையும் ஆரத்தில் ஏறத்தாழ 0.55 பங்கு நீளம் வைத்தால் நேரும் பிழை நூற்றில் 0.03 பங்குகூட இராது. கண்ணுக்கு அது வட்டமே. நான்கு கணுக்கள் போதும் இடத்தில் நாற்பது வைப்பவர்களுக்குக் கோடு நடுங்கும். கணு குறையக் குறையக் கோடு அழகு பெறும் என்பது இக்கலையின் முதல் விதி.

நான் செய்த பிழை

எங்கள் வீட்டில் ஆச்சியின் பித்தளைச் செம்பு ஒன்று உள்ளது. ஆச்சி மணமாகி வந்தபோது சீராகக் கொண்டு வந்தது. சென்ற ஆண்டுப் பள்ளிக் கண்காட்சிக்கு அதனை வரைய எண்ணினேன். நாள் நெருங்கிவிட்டது, பாதிகூட முடியவில்லை. அந்த மென்பொருளில் ‘ட்ரேஸ் பிட்மேப்’ என்றொரு வசதி உண்டு. நிழற்படத்தைக் கொடுத்தால் அதுவே கோடுகளாக மாற்றிவிடும். செம்பை நிழற்படம் எடுத்து, எட்டு நிறங்களுக்குள் அடக்கும்படி கட்டளையிட்டேன். சில நொடிகளில் படம் ஆயத்தமாயிற்று. ‘நானே வரைந்தது’ என்று எழுதிக் கண்காட்சியில் வைத்தேன். பாராட்டும் கிடைத்தது.

மாலையில் அதனை ஆச்சியிடம் காட்டினேன். ஆச்சிக்குக் கண்புரை; காகிதத்தை முகத்தருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இது எஞ் செம்பு இல்லட்டீ. அதுல ஒரு சொட்டை உண்டும்லா! அது எங்க?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணுக்கள் இருந்தன, சொட்டையைக் காணோம். அங்கிருந்த மெல்லிய நிழலை அழுக்கு என்று கருதிப் பொறி நீக்கிவிட்டிருந்தது. பொறியின்மேல் குற்றமில்லை. நாள்தோறும் அந்தச் செம்பில் தண்ணீர் குடித்த நானே அச்சொட்டையைப் பார்த்ததில்லையே!

மீண்டும் வரைந்த முறை

கோடை விடுமுறையில் முதலிலிருந்து தொடங்கினேன். ஆச்சி புளி போட்டுத் துலக்கிக் கொடுத்த செம்பைச் சன்னலின் வலப்புறம் வைத்தேன். நேரத்திற்கு நேரம் வெளிச்சம் மாறுமாதலால் தினமும் காலை பத்து மணிக்கே வரைய அமர்ந்தேன்.

முதலில் புறக்கோடு. செம்பின் இடப்பாதியை மட்டும் ஏழு கணுக்களில் வரைந்து, அதனைப் படியெடுத்துத் திருப்பி வலப்பாதியாக ஒட்டினேன். இருபுறமும் ஒத்து அமைந்தது.

அடுத்து நிறம். பித்தளை மஞ்சள் என்றுதான் நினைத்திருந்தேன். உற்று நோக்கிய பின்னரே உண்மை விளங்கிற்று. சன்னல் வெளிச்சம் விழும் இடம் ஏறக்குறைய வெண்மை, அதனை அடுத்து எலுமிச்சை நிறம், பின்பு தேன் நிறம், நிழலில் கரும்பழுப்பு. வயிற்றின் அடிப்பாகத்திலோ எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையின் செம்மை! பளபளக்கும் உலோகத்திற்குத் தன் நிறம் குறைவு. சுற்றியுள்ளவற்றின் நிறமே அதில் மிகுதி. ஆகவே செம்பை வரைய வேண்டுமாயின் அறையையும் பார்க்க வேண்டும்.

இந்நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மெல்ல மாறும் இடங்களில் ‘கிரேடியன்ட்’ என்னும் நிறச்சரிவைப் பயன்படுத்தினேன். சன்னலின் பிரதிபிம்பத்திற்கு மட்டும் விளிம்பைக் கூர்மையாகவே விட்டேன். எல்லா விளிம்புகளையும் மங்கலாக்கினால் உலோகம் மெழுகாகிவிடும். தரையில் விழும் நிழலும் அவ்வாறே ஒரே சீராக இராது. செம்பு தரையைத் தொடும் இடத்தில் நிழல் கறுத்துக் கூர்மையாக இருக்கும். விலக விலக வெளுத்து மங்கும்.

கடைசியில் சொட்டை. இதுவே என்னை மிகவும் சோதித்தது. எவ்வளவு வரைந்தும் அது பள்ளமாகத் தோன்றாமல் பருப் போலவே தோன்றிற்று. செம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. வெளிச்சம் இடப்புறமிருந்து வருகிறது. புடைத்த வயிற்றில் இடப்பக்கம் ஒளியும் வலப்பக்கம் நிழலும் உள்ளன. பள்ளத்திலோ அது தலைகீழ்: சன்னலை ஒட்டிய இடச்சுவரில் நிழல், எதிரேயுள்ள வலச்சுவரில் ஒளி. இரு நிறங்களையும் இடம் மாற்றினேன். மறுகணமே சொட்டை உள்ளே அமிழ்ந்தது! ஒத்து அமைந்திருந்த புறக்கோட்டிலும் அவ்விடத்தில் ஒரு கணுவைச் சற்றே உள்ளே தள்ளினேன். மூன்று வாரங்களில் படம் நிறைவுற்றது.

ஆச்சியின் விரல்

இம்முறை படத்தைக் காகிதத்தில் காட்டவில்லை. ஆச்சியைக் கணிப்பொறியின்முன் அமர்த்திச் சொட்டை இருக்கும் இடத்தைத் திரை முழுவதும் நிறையுமளவு பெரிதாக்கினேன். நிழற்படமாயின் அங்கே வெறும் சதுரங்களே தெரிந்திருக்கும். இதில் கோடு கோடாகவே நின்றது. ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு விரலைத் திரையில் வைத்து அப்பள்ளத்தின் ஓரமாகவே நகர்த்தி, “இந்தா இருக்குல்லா! கல்யாணமாயி வந்த வருசம் கிணத்தடிக் கல்லுல விழுந்தது. எங்க அத்தை என்னைய ஒரு சொல்லு சொல்லலை” என்றார். இச்செய்தியை அதுவரை எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை.

பள்ளி திறந்ததும் ஓவிய ஆசிரியையிடம் சென்று கண்காட்சிப் படத்தைப் பற்றிய உண்மையைக் கூறினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “இரண்டையும் கொண்டு வா; அருகருகே மாட்டுவோம். மற்றப் பிள்ளைகளும் பார்க்கட்டும்” என்றார். ஓவிய அறையில் இன்று இரண்டும் உள்ளன. முதற்படத்தின் கீழே இருந்த ‘நானே வரைந்தது’ என்னும் சீட்டை நானே கிழித்தேன்.

முடிவுரை

அன்புத் தோழியரே! இப்பொழுதுபோக்கிற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பழைய கணிப்பொறி ஒன்றும், விலையில்லா மென்பொருளும், சிறிது பொறுமையும் போதும். முதலில் ஒரு தக்காளியையோ எவர்சில்வர் டம்ளரையோ எடுத்துக்கொள்ளுங்கள். சன்னலருகே வைத்து, கணிப்பொறியைத் திறக்குமுன் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். ஒளி எங்கே, நிழல் எங்கே, பக்கத்துப் பொருளின் நிறம் எங்கே என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அளவு சரிபார்க்க நிழற்படத்தை அடியில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பொருளைப் பார்க்கும் வேலையைப் படத்திடமோ பொறியிடமோ ஒப்படைத்துவிடாதீர்கள். கோட்டைப் பொறி காக்கும். பார்வை நம்முடையதாகவே இருக்கட்டும்.

– பத்தாம் வகுப்பு மாணவி