எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு

பீடோரிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்படும் மகிழுந்து, டோல் சாவடியைக் கடந்ததும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம்வரை செல்லலாம். அவ்வேகத்தில் டயரில் காற்று குறைந்திருந்தால், டயர் சூடேறி வெடிக்கக்கூடும். மின்சார மகிழுந்து கனமான மின்கலத்தைச் சுமப்பதால், அதற்குச் சரியான காற்றழுத்தம் மிக அவசியம்.

பல மகிழுந்துகளில் ஒவ்வொரு சக்கரத்தினுள்ளும் ஓர் உணரி உண்டு. அது காற்றழுத்தத்தை அளந்து, வானொலி அலைவழி மகிழுந்தின் கணினிக்குத் தெரிவிக்கும். அழுத்தம் மிகவும் குறைந்தால், ஓட்டுநரின் முன்னே மஞ்சள் விளக்கு எரியும்.

விளக்கு தொடர்ந்து எரிந்தால், காற்று குறைந்துள்ளது என்பது பொருள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி டயர்களைப் பார்க்க வேண்டும்; பின்னர், அருகிலுள்ள எண்ணெய் நிலையத்தில் காற்று நிரப்ப வேண்டும். உரிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். ஆகவே, டயர் குளிர்ந்தபின் மீண்டும் அளப்பது நல்லது.

மகிழுந்தை இயக்கியதும் விளக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் விட்டுவிட்டு எரிந்து, பின் நிலையாக எரிந்தால், பழுது உணரியில் இருக்கலாம். உணரியின் சிறிய மின்கலம் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும். அது தீர்ந்தால், பெரும்பாலும் உணரியையே மாற்ற வேண்டும்.

எனினும், உணரிதான் பழுது என்று ஊகித்து விளக்கைப் புறக்கணித்தல் ஆபத்தாகும். முதலில் அழுத்தமானியால் நான்கு டயர்களையும் அளக்க வேண்டும். காற்று சரியாக இருந்தால் மட்டுமே உணரியைச் சந்தேகிக்க வேண்டும்.