சுற்றுலாவில் நாம் காக்க வேண்டிய அமைதி

கல்விச் சுற்றுலா என்றதும் நம் மனத்தில் முதலில் தோன்றுவது பாட்டும் கும்மாளமும்தான். பேசாமலிருந்து கற்க வேண்டிய இடங்களும் உண்டு. சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடி அவற்றுள் ஒன்று.

1977ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்கண்மாய்களுக்கு, மழைக்காலத்தையொட்டி நாரைகளும் கொக்குகளும் வந்து மரங்களில் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை வயல் நத்தைகளைத் தின்கிறது. பறவைகளின் எச்சம் கலந்த கண்மாய் நீர் பயிருக்கு உரமாகிறது.

பெருஞ்சத்தம் கேட்டால் தாய்ப்பறவை கூட்டைவிட்டுப் பறந்துவிடும். அந்நேரத்தில் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலில் வாடும், காகங்களுக்கு இரையாகும். ஆகவே, அருகிலுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.

அவ்வூரில் நம் வயதுச் சிறுமியரும் இருக்கிறார்கள். பண்டிகை நாளின் பட்டாசையே அவர்கள் விட்டுக்கொடுக்கும்போது, விருந்தினராகச் செல்லும் நாம் ஒரு மணி நேரம் அமைதி காக்கக் கூடாதா? பேருந்தைவிட்டு இறங்குமுன் பாட்டை நிறுத்துவோம். கரையிலிருந்தே பார்ப்போம். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுவோம். உணவுப் பொட்டலக் காகிதங்களைத் திரும்ப எடுத்து வருவோம். நாம் வந்து சென்றது பறவைகளுக்குத் தெரியாதிருக்கட்டும்.