கடல் இழக்கும் உரம்

கொச்சி நகரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது மட்டாஞ்சேரி. இங்கே மீனை நம்பி வாழும் குடும்பங்கள் பல.

நெல் வளரத் தழைச்சத்து வேண்டும். மீன் வளரவும் அது வேண்டும். எப்படி?

கடல் நீரில் கண்ணுக்குத் தெரியாத சிறு செடிகள் மிதக்கின்றன. அவற்றை மத்தி மீன் தின்கிறது. அந்தச் செடிகளுக்கு உரம் தழைச்சத்து. இதற்கு நைட்ரஜன் என்றும் பெயர். கடல் நீரில் அது நைட்ரேட் என்னும் உப்பாகக் கரைந்திருக்கிறது. நைட்ரேட்டில் நைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்துள்ளன.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அப்போது ஆழத்துக் குளிர்நீர் கரைப்பக்கம் மேலெழும்பி வருகிறது. அதில் உரம் அதிகம். பிராணவாயு குறைவு. உரம் கிடைப்பதால் செடிகள் செழிக்கின்றன. பிறகு மடிந்து அடியில் சேர்கின்றன. நுண்ணுயிர்கள் அவற்றை மட்கச் செய்கின்றன. அதற்குப் பிராணவாயு செலவாகிறது. மழைநீரும் ஆற்றுநீரும் லேசானவை. அவை மேலே மூடிபோல் பரவுகின்றன. காற்றிலுள்ள பிராணவாயு கீழே போக முடிவதில்லை.

பிராணவாயு குறைந்தால் மீன்கள் விலகிப் போகும். ஆனால் சில நுண்ணுயிர்கள் அங்கேயே வாழும். பிராணவாயு தீரும்போது அவை நைட்ரேட்டில் உள்ள பிராணவாயுவை எடுத்துக் கொள்ளும். மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். இப்படிக் கடல் தன் உரத்தை இழக்கிறது.

இதற்கிடையே நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவும் உண்டாகிறது. எடைக்கு எடை, இது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

கொச்சியைவிட வடக்கே கோவாப் பக்கம் பிராணவாயுக் குறைவு கடுமையாக உள்ளது. கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம் இருக்கிறது. அதன் விஞ்ஞானி நக்வியும் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேற்குக் கரையோரக் கடலில் நைட்ரஸ் ஆக்சைடு மிக அதிகமாக உண்டாவதை அவர்கள் கண்டார்கள். வயல்களுக்கு இடும் உரம் கடலில் சேர்வதும் ஒரு காரணமாகலாம் என்றார்கள்.

"கடல் உரத்தை இழக்கிறதே, சாக்கடை நீர் கலந்தால் ஈடாகாதா?" என்று கேட்கலாம். ஆகாது. சாக்கடைக் கழிவு அழுகும்போதும் பிராணவாயு செலவாகும். குறை இன்னும் கூடும்.

ஆழத்து நீர் மேலே வருவது இயற்கை. அதைத் தடுக்க முடியாது. ஆனால் வாய்க்காலில் குப்பையும் கழிவும் கொட்டுவதைத் தடுக்க முடியும். வாய்க்கால் காயலில் சேரும். காயல் கடலில் சேரும். கடல் கெட்டால் மீனவர் வலை வெறும் வலை.

கலந்து பேசுங்கள்:
1. கடலில் பிராணவாயு ஏன் குறைகிறது?
2. நைட்ரேட் எப்படி வாயுவாகிறது?
3. உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது?