பூனைக்காலி விதையும் பார்க்கின்சன் மாத்திரையும்

வயதான வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சும்மா இருக்கும்போது கை நடுங்குகிறது, நடை சுருங்குகிறது, சட்டைப் பொத்தான் போட நெடுநேரம் ஆகிறது. இதை ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடக் கூடாது. அது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். நடுக்குவாதம் என்றும் இதைச் சொல்வார்கள்.

நம் அசைவுகளைச் சீராக வைப்பது மூளையில் சுரக்கும் டோபமின் என்ற பொருள். அதைச் சுரக்கும் செல்கள் அழியும்போது இந்நோய் வருகிறது. டோபமினை அப்படியே கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. லெவோடோபா என்ற பொருள் நுழையும். உள்ளே போய் டோபமினாக மாறும். இதுவே இன்றும் முதன்மையான மருந்து.

லெவோடோபா செடிகளிலேயே இருக்கிறது. அரபு நாடுகளில் ‘ஃபூல்’ என்று சமைக்கும் அவரையிலிருந்து 1913இல் இது பிரித்தெடுக்கப்பட்டது. நம் நாட்டுப் பூனைக்காலி விதையிலும் இது இருப்பதை 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாமோதரனும் ராமசாமியும் காட்டினார்கள். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டாக்டர் கோட்சியாஸ், லெவோடோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நன்றாக நடமாட வைத்தார்.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூனைக்காலிப் பொடியே சாப்பிடலாமா? கூடாது. பொலிவியாவில் 16 வார ஆய்வு ஒன்றில் 14 நோயாளிகளுக்குப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். பொடி வேலை செய்தது. ஆனால் 7 பேர் இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சிலருக்கு வயிற்றுத் தொல்லை. சிலருக்கு நடமாட்டம் மோசமானது.

கவனிக்க வேண்டியவை:

1. விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். மாத்திரையில் அளவு உறுதி. வாந்தியைக் குறைத்து, மருந்து மூளைக்குப் போய்ச் சேர உதவும் கார்பிடோபாவும் அதனுடன் சேர்க்கப்படுகிறது.

2. மாத்திரையுடன் பொடியும் சேர்ந்தால் ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும். வாந்தி, தலைசுற்றல், கட்டுப்பாடற்ற உடல் அசைவு, இல்லாததைக் காண்பது ஆகியவை வரலாம்.

3. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

4. இறைச்சி, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதம் இம்மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் மாத்திரை போடுவது பொதுவாக நல்லது. குமட்டல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

5. பலர் ஒரு நாளில் பல வேளை மாத்திரை போட வேண்டியிருக்கும். எனவே ரமலான் வருவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோன்புக்காக வேளைகளை நாமே குறைக்கக் கூடாது.

மாத்திரையோ பொடியோ இந்நோயை அடியோடு நீக்காது. தொல்லையைக் குறைக்கும், அவ்வளவே. வீட்டில் யாராவது ஏற்கனவே பொடி சாப்பிட்டு வந்தால், அதை மறைக்காமல் நரம்பியல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அளவைத் தீர்மானிக்க அது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.